முதலில் நகர அலுவலகத்துக்குப் போங்கள்: ஹமாமட்சு காட்டும் வழி

ஜப்பானுக்கு வேலைக்குப் புறப்படுகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் வாடகை, சம்பளப் பிடித்தம், மளிகை, ரயில் பாஸ் ஆகியவற்றைச் சுற்றியே இருக்கும். நகராட்சியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. விசா கொடுப்பது தேசிய அரசு, சம்பளம் கொடுப்பது நிறுவனம், இடையில் நகராட்சிக்கு என்ன வேலை என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அங்கே போய் இறங்கிய பிறகு மருத்துவக் காப்பீடு, பிரசவம், குழந்தையின் பள்ளி, உள்ளூர் வரி, குப்பை, நிலநடுக்கத் தயாரிப்பு என்று எதைத் தொட்டாலும் அது நகராட்சியின் மேசையில்தான் போய் நிற்கும். வெளிநாட்டவருக்காக ஜப்பானிய நகரங்கள் பல மொழிகளில் கையேடு அச்சிடுகின்றன, கலாசார விழா நடத்துகின்றன, ஜப்பானிய மொழி வகுப்பு வைக்கின்றன. எல்லாமே நல்லவை. ஆனாலும் அந்த உதவி ஒரு குடும்பத்தின் வாசல்வரை வந்து சேர ஒரு முன்நிபந்தனை உண்டு: அந்தக் குடும்பம் தன் ஊரில் குடியிருக்கிறது என்பதை நகரம் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். வெளிநாட்டவரை விருந்தினராக எண்ணிய காலத்தில் ஜப்பானிய நகரங்களின் நல்லெண்ணம் பெரிய பலன் தரவில்லை. குடியிருப்பவராக எண்ணத் தொடங்கிய பிறகே தந்தது. ஹமாமட்சு நகரத்தின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. உங்கள் முதல் இரண்டு வாரங்களை எப்படிச் செலவிட வேண்டும் என்பதும் அதிலிருந்தே புரியும்.

ஹமாமட்சு, டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே, ஷிசுவோகா மாகாணத்தின் மேற்குப் பகுதியில் உள்ள கடலோரத் தொழில் நகரம். சுமார் 8 லட்சம் பேர் வாழ்கிறார்கள். யமாஹா, கவாய் பியானோக்களின் ஊர் அது. ஹோண்டா தொடங்கியது அங்கேதான். இந்தியச் சாலைகளில் ஓடும் மாருதி கார்களின் தாய் நிறுவனமான சுசுகியின் தலைமையகமும் அங்கேதான் இருக்கிறது. 1980களின் இறுதியில் இந்தத் தொழிற்சாலைகளுக்கும், அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்து தரும் சிறு பட்டறைகளுக்கும் ஆள் கிடைக்கவில்லை. 1990 ஜூனில் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத் திருத்தம், வெளிநாட்டில் பிறந்த ஜப்பானிய வம்சாவளியினருக்கு மூன்றாம் தலைமுறைவரை கதவைத் திறந்தது. 1908 முதல் பிரேசிலுக்குக் கப்பலேறிய ஜப்பானியரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், எந்த வேலையும் செய்யும் உரிமையோடு, தாத்தாவின் நாட்டுக்குத் திரும்பி வந்தார்கள். ஹமாமட்சுவில் மட்டும் பிரேசில் நாட்டவர் ஏறத்தாழ 20 ஆயிரம் பேராகப் பெருகினார்கள். முகம் ஜப்பானிய முகம், பேச்சு போர்த்துக்கீசியம். அவர்களை வரவழைத்த தேசிய அரசு மொழிக்கோ பள்ளிக்கோ போதிய ஏற்பாடு செய்யவில்லை. சில ஆண்டு உழைத்துப் பணம் சேர்த்ததும் போய்விடுவார்கள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவர்களில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

அந்த நினைப்பின் விலையை நகராட்சி கொடுத்தது. அன்றைய முறையில் வெளிநாட்டவர் தனிச் சட்டத்தின்கீழ், தனிப் பதிவேட்டில் இருந்தார்கள். ஜப்பானியருக்கான குடியிருப்போர் பதிவேட்டில் அவர்கள் பெயர் கிடையாது. ஒரு குடும்பம் வேறு ஊருக்குப் போனாலும் பழைய ஊரின் ஏட்டில் அந்தப் பெயர் அப்படியே கிடக்கும். யார் ஊரில் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், எந்த வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளை இருக்கிறது, யாருக்கு மருத்துவக் காப்பீடு இல்லை என்பது நகராட்சிக்கு உறுதியாகத் தெரியாது. அச்சிட்ட கையேட்டை எந்த முகவரிக்கு அனுப்புவது? இதே தலைவலி இருந்த மற்ற ஊர்களோடு சேர்ந்து 2001-ல் ஹமாமட்சு ஒரு நகராட்சிக் கூட்டமைப்பைத் தொடங்கியது. 13 நகரங்களும் சிற்றூர்களும் அதில் இருந்தன. அதே ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட ஹமாமட்சு பிரகடனத்தில் அவை தேசிய அரசிடம் கல்வி, சமூகக் காப்பீடு, வெளிநாட்டவர் பதிவு முறை ஆகிய மூன்றையும் சீர்திருத்தக் கோரின. பல ஆண்டுகள் தொடர்ந்து வலியுறுத்தினார்கள். 2009-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2012 ஜூலையில் பழைய வெளிநாட்டவர் பதிவுச் சட்டம் ஒழிந்தது. ஜப்பானியர் இருக்கும் அதே குடியிருப்போர் பதிவேட்டில் வெளிநாட்டவரும் இடம்பெற்றார்கள். விழாக்களும் சகோதர நகர ஒப்பந்தங்களும் புகைப்படங்களில் நன்றாகத் தெரியும். இந்தப் பதிவேட்டு மாற்றம் எந்தப் படத்திலும் தெரியாது. ஆனால் ஜப்பானில் வாழும் வெளிநாட்டவருக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவிகளுள் இது ஒன்று என்று நான் கருதுகிறேன்.

உங்களுக்கு இதன் பொருள் என்ன? நரிட்டா, ஹனேடா, சூபு, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே வசிப்பு அட்டை கையில் கிடைக்கும். ஜைரியு கார்டு என்பார்கள். அதில் முகவரி காலியாக இருக்கும். தங்குமிடம் முடிவான 14 நாட்களுக்குள் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி வார்டு அலுவலகத்துக்கு, அதாவது குயாக்குஷோவுக்கு, போக வேண்டும். சிறிய ஊரானால் நகர அலுவலகம், ஷியாக்குஷோ. தவறினால் 2 லட்சம் யென் வரை அபராதம் உண்டு. தகுந்த காரணமின்றி 90 நாட்கள் தாண்டினால் வசிப்பு உரிமையையே ரத்து செய்ய இடமிருக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி மட்டும் போக வேண்டாம். அந்த ஒரு பதிவிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளைக்கும். நிறுவனத்தின் சுகாதாரக் காப்பீடு இல்லாதவர்கள் அதே கட்டடத்தில் தேசிய சுகாதாரக் காப்பீட்டில் சேர வேண்டும். அதன்பின் சிகிச்சைச் செலவில் பொதுவாக 30 சதவீதம்தான் உங்கள் பங்கு. குழந்தைகளுக்கு நகராட்சி தரும் கூடுதல் மருத்துவ உதவியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். குழந்தை உதவித்தொகைக்கும் அங்கேயே விண்ணப்பிக்கலாம். 2024 அக்டோபரிலிருந்து அதற்கு வருமான வரம்பு கிடையாது. மூன்று வயதுக்குக் கீழே மாதம் 15 ஆயிரம் யென், அதற்கு மேல் மேல்நிலைப் பள்ளி வயதுவரை 10 ஆயிரம், மூன்றாவது குழந்தையிலிருந்து 30 ஆயிரம். குடிபெயர்ந்து 15 நாட்களுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அந்த மாதத் தொகை கையைவிட்டுப் போகலாம். மனைவி கருவுற்றிருந்தால் தெரிவியுங்கள்: தாய்சேய் கையேடும், பரிசோதனைச் செலவைக் குறைக்கும் சீட்டுகளும் தருவார்கள். கையேடு பல அயல்மொழிகளில் உண்டு. கேட்காவிட்டால் ஜப்பானிய மொழிப் பதிப்பே கைக்கு வரலாம்.

மேசைக்குப் போனவருக்கு இவ்வளவும் கிடைக்கும் என்பது சரி, போகாதவர் கதி என்ன? அந்த இடத்தில்தான் ஹமாமட்சுவின் தனிச்சிறப்பு தொடங்குகிறது. ஜப்பானிய அரசியலமைப்பின் 26-வது பிரிவு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் கடமையைத் தன் குடிமக்கள் மீது வைக்கிறது. வெளிநாட்டுப் பெற்றோருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விரும்பினால் ஆறாண்டு தொடக்கப்பள்ளியிலும் மூன்றாண்டு நடுநிலைப்பள்ளியிலும் கல்விக் கட்டணமின்றி, இலவசப் பாடநூலோடு சேர்த்துக்கொள்வார்கள். கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 'விரும்பினால்' என்ற இடைவெளியில் பிள்ளைகள் விழுந்தார்கள். 2008-ன் உலகப் பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்த பெற்றோரால் தனியார் பிரேசில் பள்ளிகளுக்கு மாதக் கட்டணம் கட்ட முடியவில்லை. பிள்ளைக்கு மொழி தெரியாததால் ஜப்பானியப் பள்ளியில் சேர்க்கவும் தயங்கினார்கள். பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள். எவர் மீதும் சட்ட மீறல் இல்லை, எனவே எவரும் தேடி வரவும் இல்லை. அரசின் கல்வி அமைச்சகம் நாடு முழுவதற்குமான கணக்கை 2019-ல்தான் முதன்முறையாக எடுத்தது. ஏறத்தாழ 20 ஆயிரம் வெளிநாட்டுப் பிள்ளைகள் பள்ளியில் இல்லாமலோ, நிலை தெரியாமலோ இருப்பதாக அது காட்டியது.

ஹமாமட்சு அந்தக் கணக்குக்குக் காத்திருக்கவில்லை. 2011-ல் பள்ளி செல்லாத பிள்ளையே ஊரில் இருக்கக் கூடாது என்ற இலக்கோடு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. செய்த வேலை எளியது, ஆனால் கால்நோகும் வேலை. பள்ளி வயதுப் பிள்ளைகளின் பதிவேட்டையும், அரசுப் பள்ளிகள், வெளிநாட்டுப் பள்ளிகள் ஆகியவற்றின் மாணவர் பட்டியலையும் ஒப்பிட்டு, எந்தப் பட்டியலிலும் இல்லாத பெயர்களைப் பிரித்தார்கள். பிறகு அந்த வீடுகளுக்கு நேரில் போனார்கள். சில வீடுகளில் குடும்பமே போய்விட்டிருந்தது. பிள்ளை இருந்த வீட்டில் பெற்றோரின் மொழி தெரிந்தவரை உட்கார வைத்துப் பேசினார்கள், பள்ளியில் சேர்த்தார்கள், சேர்த்த பிறகும் தொடர்ந்து கவனித்தார்கள். 2013 செப்டம்பரில் பள்ளி செல்லாத வெளிநாட்டுப் பிள்ளைகளின் எண்ணிக்கை பூஜ்யம் என்று நகரம் அறிவித்தது. அதன்பின் இந்த நடைமுறை ஹமாமட்சு மாதிரி என்ற பெயரில் நிலைத்தது: குடிவந்து பதிவு செய்யும்போதே பிள்ளையின் பள்ளி பற்றிக் கேட்கப்படும், விட்டுப்போனவர்கள் தேடப்படுவார்கள். பதிவேடும் நேரில் போகும் மனிதரும் சேர்ந்தபோது, கடமை இல்லாத இடத்திலும் உரிமை நிறைவேறியது. பன்மொழிக் கையேடு மட்டும் இதைச் சாதித்திருக்காது, ஏனென்றால் உதவி மிகவும் தேவைப்படுகிறவர்கள் கையேட்டைத் தேடி வருகிறவர்கள் அல்லர்.

பூஜ்யம் என்ற எண்ணைக் கொண்டு மட்டும் திருப்தி அடையலாமா என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். பள்ளியில் பெயர் இருப்பதும் பாடம் புரிவதும் வேறு வேறு. ஜப்பானிய மொழிக்குத் தனிப் பயிற்சி தேவைப்படும் அரசுப் பள்ளி மாணவர்கள் 2023 கணக்கெடுப்பில் நாடெங்கும் ஏறத்தாழ 69 ஆயிரம் பேர். நடுநிலைப்பள்ளிக்குப் பின் அவர்களில் மேல்நிலைக்குப் போகிறவர்கள் 90 சதவீதம் அளவில் இருக்க, எல்லா மாணவரையும் சேர்த்துப் பார்த்தால் அது 99 சதவீதம் என்று 2021 கணக்கெடுப்பு காட்டியது. இந்த இடைவெளியை உங்கள் குடும்பத் திட்டத்தில் கட்டாயம் கணக்கிலெடுங்கள். கட்டாயக் கல்வி ஒன்பதாம் ஆண்டோடு முடிகிறது. பத்தாம் ஆண்டிலிருந்து நுழைவுத் தேர்வு உண்டு, அது ஜப்பானிய மொழியில் நடக்கும். ஏழு வயதுப் பிள்ளையோடு போகிறவர்களுக்குக் காலம் இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளையோடு போகிறவர்கள் வேலையை ஏற்பதற்கு முன்பே, அந்த மாகாணத்தில் வெளிநாட்டு மாணவருக்கான தனிச் சேர்க்கை முறை உள்ளதா என்று விசாரியுங்கள். வயது தாண்டியவர்களுக்கும் வழி உண்டு: ஷிசுவோகா மாகாணம் 2023-ல் ஹமாமட்சுவின் பக்கத்து நகரான இவாத்தாவில் பொது இரவு நடுநிலைப்பள்ளி ஒன்றைத் திறந்தது. எண்ணிக்கை பூஜ்யத்தோடு வேலை முடிந்துவிடவில்லை என்பது உண்மை. ஆனால் பள்ளிக்குள் வராத பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் தர முடியாது. பட்டியலை ஒப்பிட்ட அந்த முதல் வேலை இல்லாமல் இந்த இரண்டாவது கேள்வியே எழுந்திருக்காது.

மொழி உதவி பற்றி நெடுநாளாக ஒரு மறுப்பு உண்டு. போர்த்துக்கீசியத்திலும் வியட்நாமியத்திலும் எல்லாவற்றையும் மொழிபெயர்த்துக் கொடுத்தால் அவர்கள் எப்போது ஜப்பானிய மொழி கற்பார்கள் என்பது அது. ஹமாமட்சு இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக வைக்கவில்லை. நகர மையத்தில் உள்ள பல்கலாசார இணைவாழ்வு மையத்தில் வேலை, வசிப்பு உரிமை, வரி, குடும்பப் பிரச்சினை என எதற்கும் பல மொழிகளில் இலவச ஆலோசனை கிடைக்கிறது. தமிழை எதிர்பார்க்க வேண்டாம், ஆங்கிலத்தில் கேட்கலாம். 2010 ஜனவரியில் யூட்டோ பகுதியின் பழைய ஊராட்சிக் கட்டடத்தில் வெளிநாட்டவர் கற்றல் ஆதரவு மையத்தைத் திறந்தார்கள். வேலை இழந்து நின்றவர்களுக்கு அடுத்த வேலைக்குத் தேவையான மொழியைக் கற்றுக்கொடுக்க அந்த நேரம் மிகவும் பொருத்தமாக அமைந்தது. அங்கே வெளிநாட்டவருக்கு ஜப்பானிய மொழி வகுப்பு உண்டு. அவர்களோடு பழக வேண்டிய ஜப்பானியருக்குப் போர்த்துக்கீசிய வகுப்பும், கற்பிக்க முன்வருகிற தன்னார்வலருக்குப் பயிற்சியும் நடத்தினார்கள். கல்வியின் சுமையை ஒரு பக்கத்தின் மீது மட்டும் ஏற்றாததால்தான் இந்த மையம் எனக்குப் பிடித்திருக்கிறது. வந்து இறங்கிய வாரத்தில் காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கு ஜப்பானிய இலக்கணம் உதவாது. ஐந்தாண்டு கழித்தும் மொழிபெயர்ப்பாளரை நம்பியே இருப்பவருக்கு நல்ல வேலை அமையாது. இரண்டும் இரண்டு காலத்தின் தேவைகள்.

இவற்றுக்கு நடுவே மூன்றாவது கருவி ஒன்றையும் ஜப்பான் உருவாக்கியிருக்கிறது. 1995 ஜனவரியில் கோபே பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில், எச்சரிக்கையும் உதவிச் செய்தியும் புரியாமல் வெளிநாட்டவர் பலர் தவித்தார்கள். அதன்பின் ஹிரோசாக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடினச் சொற்களைத் தவிர்த்துச் சிறு வாக்கியங்களில் அமைந்த எளிய ஜப்பானிய நடையை வகுத்தார்கள். இப்போது நகராட்சி அறிவிப்புகள் பலவும் இந்த 'யாசாஷீ நிஹோங்கோ'வில் வருகின்றன. 2020-ல் தேசிய அரசும் அதற்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. தமிழ்ப் பேச்சாளருக்கு இது பெரிய வரம். உங்கள் மொழியில் நகராட்சி அறிவிப்புகளை எதிர்பார்க்க முடியாது என்பதால், ஆறு மாதப் படிப்பில் எட்டக்கூடிய இந்த நடையைக் குறிவையுங்கள். எழுத்து கற்கும்போது ஹிராகனா, கதகனா இரண்டையும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

எங்கள் நிறுவனமே எல்லாம் பார்த்துக்கொள்ளும், மூன்று வருடம்தான், நகராட்சியோடு எதற்கு இவ்வளவு உறவு என்று கேட்பவர்கள் நம்மவர்களிலேயே அதிகம். 2024 இறுதியில் ஜப்பானில் இந்தியர் 50 ஆயிரத்துக்கும் மேல். டோக்கியோவின் எதோகாவா வார்டில் உள்ள நிஷி-கசாய் போன்ற இடங்களில் இந்திய மளிகை, இந்தியப் பள்ளி, ஆங்கிலம் பேசும் அலுவலகம் என்று வாழ்க்கையை நடத்திவிட முடிகிறது. இந்த வாதத்துக்கான பதிலை 2008 தந்துவிட்டது. ஹமாமட்சு பிரேசிலியர் பலர் ஆள்வழங்கும் நிறுவனங்கள் வழியாக வேலை செய்தவர்கள். வீடும் அந்த நிறுவனத்தின் ஏற்பாடு. வேலை போன அன்று வீடும் போனது. ஜப்பானில் யாரிடம் போய் நிற்பது என்று தெரியாத நிலையில் இருந்தார்கள். 2009-ல் தேசிய அரசு, நாடு திரும்பும் வம்சாவளித் தொழிலாளருக்கு 3 லட்சம் யென்னும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் 2 லட்சம் யென்னும் கொடுத்தது. வாங்கியவர்கள் அதே வசிப்பு உரிமையில் உடனே திரும்பி வர முடியாது என்பது நிபந்தனை. சுமார் 20 ஆயிரம் பேர் அதை ஏற்றுக் கிளம்பினார்கள். ஹமாமட்சுவின் பிரேசில் மக்கள்தொகை சில ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியானது. நிறுவனத்தின் அரவணைப்பு வேலை உள்ளவரைக்கும்தான் என்பதை அவர்கள் அனுபவம் சொல்கிறது. போகாமல் தங்கியவர்களுக்கு மொழி வகுப்பும் பள்ளியும் ஆலோசனையும் தந்தது நகரம். மூன்று வருடம் என்று வந்து இருபது வருடம் தங்கியவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அந்த முடிவை எடுக்கும் நாளில் மேசையின் மறுபக்கத்தில் உங்களைத் தெரிந்த ஒருவர் இருப்பது நல்லது.

ஜப்பானிய வரி செலுத்துபவர்களிடமிருந்தும் ஒரு கேள்வி வருகிறது: எங்கள் பணத்தில் வெளிநாட்டவருக்கு ஏன் இத்தனை ஏற்பாடு? அந்தப் பணத்தில் வெளிநாட்டவரின் பங்கும் இருக்கிறது என்பது நேரடியான பதில். மாகாணமும் நகரமும் சேர்ந்து வாங்கும் குடியிருப்பு வரி, வரிக்குரிய வருமானத்தில் சுமார் 10 சதவீதம். குடியுரிமை எதுவானாலும் அதே விகிதம். ஓய்வூதியத்துக்கும் சுகாதாரக் காப்பீட்டுக்கும் அதே பிடித்தம். இதில் உங்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்த வரி முந்தைய ஆண்டு வருமானத்தின் மீது, ஜனவரி 1 அன்று எந்த ஊரில் இருக்கிறீர்களோ அந்த ஊருக்குப் போகும். வந்த முதல் ஆண்டில் பிடித்தம் இருக்காது. அடுத்த ஜூனில் திடீரென்று கையில் வரும் சம்பளம் குறையும். நாடு திரும்பும்போதும் பாக்கி இருக்கும், அதைக் கட்ட ஒருவரை நியமித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பாக்கி வைத்துவிட்டுப் போவது, விசா நீட்டிப்பிலும் நிரந்தர வசிப்பு விண்ணப்பத்திலும் திரும்பி வந்து நிற்கும்.

இனிச் சர்வதேசப் பரிமாற்றம். ஹமாமட்சுவுக்கு வார்சா போன்ற வெளிநாட்டு நகரங்களோடு நட்புறவு உண்டு. 2014-ல் யுனெஸ்கோவின் இசை நகரங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 2017-ல் ஐரோப்பிய கவுன்சிலின் கலாசார இணைவு நகரங்கள் வலையமைப்பில் சேர்ந்த முதல் ஆசிய நகரமும் அதுவே. இவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் உங்களுக்குப் பயன்படும் பரிமாற்றம் உங்கள் தெருவில் நடக்கும். ஜப்பானில் ஒவ்வொரு பகுதியிலும் ஜிச்சிகாய் என்ற குடியிருப்போர் சங்கம் இருக்கிறது. குப்பை இடத்தைச் சுத்தம் செய்வது, சுற்றறிக்கைப் பலகையை வீடுவீடாகக் கைமாற்றுவது, பேரிடர்ப் பயிற்சி நடத்துவது அதன் வேலை. மே 3 முதல் 5 வரை ஹமாமட்சுவில் நடக்கும் பெரிய பட்டத் திருவிழாவில் மோதுவதும் இந்தப் பகுதிவாரிக் குழுக்கள்தான். சேருவது கட்டாயமில்லை, சிறு சந்தா உண்டு. இது நம்மை ஜப்பானியராக்கும் முயற்சி, நம் பழக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று விலகி நிற்பவர்கள் இருக்கிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. சில சங்கங்களில் முன்கூட்டியே எடுத்த முடிவுகளுக்குத் தலையாட்டுவது மட்டுமே புதியவரின் வேலையாக இருக்கக்கூடும். ஆனாலும் நங்காய் பெரு நிலநடுக்கம் வரும் என்று அந்தக் கடலோரம் முழுவதும் தயாராகி வருகிறது. ஹமாமட்சுவின் கரையில் 17.5 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுனாமித் தடுப்பு அணை கட்டப்பட்டு 2020-ல் முடிந்தது. நிலநடுக்கம் வரும் நாளில் முதலில் கதவைத் தட்டப்போவது அடுத்த வீட்டுக்காரர். பேரிடர்ப் பயிற்சிக்கு ஒருமுறையாவது போய், எந்தப் பள்ளி மைதானத்தில் கூட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். உணவு, வழிபாடு, உடை எதையும் அதற்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

நல்லெண்ணம் எங்கே முடிகிறது என்பதையும் ஹமாமட்சுவிலேயே பார்க்கலாம். 1998-ல் அங்கே ஒரு நகைக்கடையிலிருந்து பிரேசில் நாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர், வெளிநாட்டவர் என்ற காரணத்தால் வெளியேற்றப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்தார். 1999 அக்டோபரில் ஷிசுவோகா மாவட்ட நீதிமன்றத்தின் ஹமாமட்சு கிளை, இனப்பாகுபாட்டுக்கு எதிரான சர்வதேச உடன்படிக்கையை அளவுகோலாகக் கொண்டு, அவருக்கு 15 லட்சம் யென் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. கடைகளிலும் வீட்டு வாடகையிலும் இனப்பாகுபாட்டைப் பொதுவாகத் தடுக்கும் முழுமையான சட்டம் ஜப்பானில் இன்றும் இல்லை. வீடு தேடிய வெளிநாட்டவரில் 39.3 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டார்கள் என்று நீதி அமைச்சகத்தின் 2016 ஆய்வு காட்டியது. எனவே வீடு தேடும்போது முதல் மறுப்பிலேயே மனம் உடைந்துவிட வேண்டாம். யு.ஆர் என்ற அரசு சார்ந்த வாடகை வீடுகளுக்கு உத்தரவாதி தேவையில்லை, வீட்டுக்காரருக்குத் தரும் திருப்பித் தராத முன்பணம் கிடையாது, தகுந்த வசிப்பு உரிமையுள்ள வெளிநாட்டவருக்கும் கொடுக்கிறார்கள். நகராட்சி வீடுகளுக்கும் விண்ணப்பிக்கலாம்.

குடியிருப்பவராக எண்ணப்படுவதன் அடுத்த படி, கேட்கப்படுவது. ஜப்பானில் வெளிநாட்டவருக்கு நகராட்சித் தேர்தலில்கூட வாக்கில்லை. நிரந்தரமாக வசிப்பவருக்கு உள்ளூர் வாக்கு கொடுப்பதை அரசியலமைப்பு தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் கருத்துச் சொல்லியும், நாடாளுமன்றம் அதை எடுத்துச் செய்யவில்லை. அந்தக் குறைக்கு ஈடாகச் சில நகரங்கள் ஆலோசனை மன்றங்களை வைத்திருக்கின்றன. ஹமாமட்சுவில் ஒன்று உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் முன்னோடி டோக்கியோவை ஒட்டிய கவாசாகி. 1996-ல் நகரச் சட்டம் இயற்றி, 26 பேர் வரை கொண்ட வெளிநாட்டுக் குடியிருப்போர் பிரதிநிதி மன்றத்தை அமைத்தது. இவை வெறும் அலங்காரம், அதிகாரமில்லாத பேச்சு மேடை என்பது மறுப்பு. வாக்குரிமைக்கு இவை ஒருபோதும் மாற்றாகாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவாசாகி மன்றம் எழுப்பிய வாடகை வீட்டுப் பிரச்சினை, 2000-ல் அந்த நகரத்தின் வீட்டுவசதிச் சட்டத்தில் இடம்பெற்றது. உத்தரவாதி கிடைக்காதவர்களுக்கு உதவும் திட்டமும் அதோடு வந்தது. மன்றத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வாக்கில்லை. ஆனால் வீட்டுத் தரகரின் கதவில் என்ன நடக்கிறது என்ற நேரடி அறிவு இருந்தது, அதைச் சட்டபூர்வமாகக் கேட்க வேண்டிய நகராட்சியும் இருந்தது.

இந்தப் பின்னணியோடு, ஜப்பானில் இரண்டு ஊர்களில் வேலை கிடைத்தால் எதைத் தேர்வது என்று பாருங்கள். நகராட்சி இணையதளத்தில் எத்தனை மொழி இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அதை இயந்திரமே மொழிபெயர்த்துவிடும். புதிதாக வரும் வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பள்ளியில் சேர்ந்த முதல் மாதங்களில் ஜப்பானிய மொழிப் பயிற்சி யார் தருகிறார்கள், எந்த நாட்களில் என்று கல்வி வாரியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். பதில் எவ்வளவு குறிப்பாக இருக்கிறதோ அவ்வளவு ஏற்பாடு இருக்கிறது என்று கொள்ளலாம். ஆலோசனை மையம் வாரத்தில் எத்தனை நாள் திறந்திருக்கிறது, சனி ஞாயிறில் உண்டா என்று பாருங்கள், வேலைக்குப் போகிறவருக்கு வாரநாள் மேசை எட்டாது. போய்ச் சேர்ந்ததும் பதிவு செய்யும் அன்று, குழந்தை, காப்பீடு, வரி, மொழி வகுப்பு ஆகிய நான்கையும் ஒரே வருகையில் விசாரித்துவிடுங்கள். குப்பை நாள்காட்டியையும் பேரிடர் வரைபடத்தையும் கேட்டு வாங்கி வாருங்கள். மொழி தடுமாறினால் தொலைபேசி மொழிபெயர்ப்பு உண்டா என்று கேட்கத் தயங்க வேண்டாம், பல அலுவலகங்களில் இருக்கிறது. ஓராண்டு கழித்து ஊர் ஓரளவு பழகியதும், வெளிநாட்டவர் ஆலோசனை மன்றத்துக்கு உறுப்பினர் எடுக்கும் அறிவிப்பு எப்போது வரும் என்று அதே மேசையில் கேட்டுவையுங்கள்.